பன்னிரண்டு பங்குத் தண்ணீர்

ஒப்பந்தம் கையெழுத்தான செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, அடுத்த ஆண்டின் தண்ணீர் எல்லை அணைக்கு வந்து சேர்ந்தது. மதகுகளைப் பார்த்துக்கொண்ட பெண் அதை முதலில் வெள்ளம் என்று நினைத்தாள். மேலே எங்கும் மழை இல்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது, கொஞ்சம் குளிர்ந்திருந்தது, இன்னும் யாரும் குடியேறாத வீட்டின் வாசனை அதில் இருந்தது: சுண்ணாம்பு, ஈர மரம், திறக்காத ஜன்னல். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அதைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு ஒப்பந்தத்தில் சொன்னபடி, இடது மதகில் தலைமடை நாட்டுக்கு ஏழு பங்கும் வலது மதகில் கடைமடை நாட்டுக்கு ஐந்து பங்கும் திறந்துவிட்டாள். இரண்டு கால்வாயும் கரை தொட்டுப் போயின. முதல் நாள் என்பதால் டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக்கொண்டாள்.

நதியில் இருந்தது பத்துப் பங்குதான். அது எல்லோருக்கும் தெரியும். தலைமடை நாடு ஏழு கேட்டது, கடைமடை நாடு ஐந்து கேட்டது, பதினோரு ஆண்டு பேசினார்கள். இரண்டு நாட்டிலும் ஒரே வழக்கம் இருந்தது. நாலு பேர் முன்னால் ஒருமுறை சொல்லிவிட்ட எண்ணை யாரும் குறைக்கக் கூடாது. சந்தையில் காய்கறிக்காரர்கூட விலையைக் குறைக்க மாட்டார். எடையைக் கூட்டிப் போடுவார். வாங்குகிறவருக்கும் மரியாதை, விற்கிறவருக்கும் மரியாதை. பேச்சுவார்த்தைக்குப் போனவர்களும் அந்தச் சந்தையில் காய்கறி வாங்கி வளர்ந்தவர்கள். அவர்கள் பங்கைக் குறைக்கவில்லை, நதியைக் கூட்டினார்கள். எப்போதோ பெய்த ஒரு நல்ல மழையின் கணக்கை எடுத்துவைத்து, நதியில் பன்னிரண்டு பங்கு இருப்பதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கொடிகள் தயாராக இருந்தன, சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நதி மறுபேச்சுப் பேசாமல் கேட்டதைக் கொண்டுவந்தது.

இரு நாட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு வேலையை ஒப்பந்தம் உண்டாக்கியது. அதுதான் மதகு அதிகாரி வேலை. பாதிச் சம்பளம் இங்கிருந்து, பாதி அங்கிருந்து. மேசைமேல் இரண்டு தொலைபேசி. இரு நாட்டுக்கும் ஒரே நாளில் விடுமுறை வந்தால் அவளுக்கும் விடுமுறை. அப்படி ஒரு நாள் வந்ததில்லை. கையெழுத்துக்கு முன்பே பொறியியல் படித்தவர்கள் பலர் விண்ணப்பித்தார்கள். அவளும் படித்தவள்தான், ஆனால் வேலை கிடைத்தது அதனால் அல்ல. பிறந்த வீடு கடைமடை நாட்டில், புகுந்த வீடு தலைமடை நாட்டில். ஒரு பக்கம் சாய்ந்தால் இன்னொரு பக்கத்தில் சோறு கிடைக்காது என்று இரு அரசுகளும் கணக்குப் போட்டன. ஊர் அவளை மதகுக்காரி என்றது.

மதகுகளுக்கு முன்னால் குப்பையைத் தடுக்க ஒரு கம்பிச்சட்டம் உண்டு. அடுத்த ஆண்டின் தண்ணீர் அடுத்த ஆண்டின் குப்பையோடு வந்து அதில் ஒதுங்கியது. முதலில் பாதி கிழித்த ஒரு தினசரி நாட்காட்டி. பிறகு உடைந்த குடைகள், நிறைய. குடைக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கடையை நிரப்பினார், ஏமாறவில்லை. ஒரு வேட்பாளருக்கு நன்றி சொல்லும் வெற்றிச் சுவரொட்டி தேர்தலுக்கு முன்பே வந்துவிட்டது. எதிர்த்து நின்றவர் மீதிப் பிரசாரம் முழுவதும் நிம்மதியாக உண்மையைப் பேசினார். தையல்காரர் மகளுக்கும் ஒரு பேருந்து நடத்துநருக்கும் திருமணம் என்று ஓர் அழைப்பிதழ் வந்தது. ஜன்னலோர இருக்கைக்காகச் சண்டை போட்ட நாளிலிருந்து அவர்கள் இருவரும் முகம் பார்ப்பதில்லை. சில வாரம் மறுத்தார்கள். பிறகு மண்டபம் கிடைக்காமல் போய்விடுமே என்று ஒப்புக்கொண்டார்கள். ஊர் இதையெல்லாம் ஒரு பருவம் பேசியது. அடுத்த பருவத்தில் கம்பிச்சட்டத்தைப் பார்க்க யாரும் போகவில்லை. வெயிலாக இருந்தது.

தண்ணீர் வந்தது, அதுதான் முக்கியம். இரண்டு போகம் விளைந்த இடத்தில் மூன்று போகம் விளைந்தது. மதகுக்காரியின் கணவர் பம்ப் மெக்கானிக். மோட்டார் மேல் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். வீட்டுக் கோளாறை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது மனைவியின் குறை. அவருடைய ஒரு ஷட்டர் கடை மூன்று ஷட்டர் ஆனது. அவள் தம்பி வலது கால்வாயின் கடைசி முனையில் கல் பொறுக்கி, தரிசைத் திருத்தி, கரும்பு நட்டான். தண்ணீர் போய்ச் சேரும் கடைசி நிலம் அவனுடையது. குறைந்தால் முதலில் குறைவதும் அங்கேதான். நான்காம் ஆண்டில் மதகுக்காரிக்கு ஒரு மகள் பிறந்தாள். பிறந்ததும் அழவில்லை. செவிலியின் கையில் இருந்த ஈரத்துணியைப் பிடித்துச் சப்பினாள்.

அந்த ஆண்டுகளில்தான் ஊருக்குப் புதிதாக ஒரு தாகம் வந்தது. படுக்கும்முன் ஒரு சொம்பு குடித்தவர்கள் நாக்கு வறண்டு விழித்தார்கள். கனவில் அவர்கள் தெரியாத தெருக்களில் வரிசையில் நின்றார்கள். முன்னால் நிற்பவரின் முதுகு தெரியும், வரிசை எதற்கென்று தெரியாது. யாரும் பேசுவதில்லை. தெருவில் நாய்கள் இல்லை, மரங்கள் இருந்த இடத்தில் வட்டமாக வெளிறிய தரை இருந்தது. காலையில் டீக்கடையில் பேசும்போது இரண்டு பேர் ஒரே வரிசையில் நின்றது தெரியவரும். கனவில் தன்னை முந்திப் போனதற்காக முடிதிருத்துபவர் தபால்காரரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தார். மருத்துவர் எல்லோரையும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தார்கள். வரிசை நீண்டது.

நதி கொண்டுவந்தது கைமாற்றுத் தண்ணீர். கைமாற்று வாங்குகிறவர் முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார், பிறகு பக்கத்துத் தெரு, பிறகு முகம் தெரியாதவர் வீடு. நதியும் அப்படியே அடுத்த ஆண்டைத் தாண்டி, அதற்கடுத்ததைத் தாண்டி, யாரும் நினைத்துப் பார்க்காத ஆண்டுகளுக்குப் போய்க் கொண்டுவந்தது. கம்பிச்சட்டத்தில் ஒதுங்கியவை மாறின. சில காலம் என்ன பொருள் என்றே தெரியாதவை வந்தன. பிறகு சுவரொட்டிகள் நின்றன. குடைகள் நின்றன. அழைப்பிதழ்கள் நின்றன. மகளுக்கு எட்டு வயதான ஆண்டில் பாத்திரங்கள் மட்டுமே வந்தன. குடம், வாளி, கேன், புட்டி, குழந்தை இடுப்பில் வைக்கும் அளவில் சின்னக் குடம். எல்லாம் ஒட்டுப் போட்டவை, ஒட்டின்மேல் ஒட்டு. தண்ணீரில் மிதந்து வந்தும் உள்ளே ஒரு சொட்டு இல்லை. மதகுக்காரி ஒன்றை எடுத்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தாள். நிறைந்தது. வெளியே தூக்கியதும் காலியாக இருந்தது.

அந்தச் சின்னக் குடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவர் முன்னால் வைத்தாள். அவர் கையில் கிரீஸோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, இத ஒரு தடவ பாருங்க."

"குடம்."

"எத்தன ஒட்டு இருக்கு பாருங்க."

"நல்லா ஒட்டியிருக்கான். நம்ம கடைக்கு வேலைக்கு வருவானா கேளு."

"அவன் இன்னும் பொறக்கலங்க."

"பொறந்ததும் வரச் சொல்லு."

"நம்ம பொண்ணு அந்த வருஷத்துல இருப்பா," என்றாள்.

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். கிரீஸ் பாதி இருக்கும்போதே குழாயை மூடினார். திரும்பி வந்து, "தண்ணி வருது, எல்லாரும் நல்லா இருக்காங்க. நீ ஒருத்தி மதகுல நின்னுக்கிட்டு என்ன பண்ணிட முடியும்?" என்று கேட்டார்.

"மூட முடியும்," என்றாள் அவள்.

முதலில் முறைப்படி இரு அரசுகளுக்கும் தெரிவித்தாள். ஒப்பந்தம் சிறப்பாக நடப்பதற்கு இரு அரசுகளும் அவளைப் பாராட்டின. அதன்பின் ஒரு திங்கட்கிழமை, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, மதகுகளை இறக்கிப் பத்துப் பங்கில் நிறுத்தினாள். மீதி இரண்டு பங்கு அணைக்கு அந்தப் பக்கம் நின்றது. ஏறவில்லை, பின்வாங்கவில்லை. உட்காரச் சொல்லாத வீட்டில் நிற்கிறவர் மாதிரி நின்றது. பிள்ளைகள் அதில் குதித்துப் பார்த்து, நனையாமல் கரையேறினார்கள். அன்று எந்த நாட்டுக்கு எவ்வளவு குறைந்தது என்று அவள் பார்க்கவில்லை. இரண்டு நாடுகளும் தனக்குத்தான் குறைந்தது என்றன. இரண்டு தொலைபேசிகளும் ஒன்றாக அடித்தன. காதுக்கு ஒன்றாக வைத்துக் கேட்டாள். பிறகு இரண்டையும் ஒன்றின் வாய் மற்றதன் காதில் படும்படி மேசைமேல் சேர்த்து வைத்துவிட்டு டீ போடப் போனாள்.

தம்பி மறுநாள் வந்தான். இரவெல்லாம் பேருந்தில் வந்த முகம்.

"அக்கா, வீட்டுல மாமாவோட சண்டன்னா வீட்டுல போடு. மதகுல ஏன் காட்டுற?"

"சண்டயெல்லாம் இல்லடா."

"கரும்பு பத்து நாள் தாங்கும். நான் ரெண்டு நாள்கூட தாங்க மாட்டேன்."

அவள் அவனுக்குச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மதகைத் திற என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரம் பால்காரர் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போனார். மூன்று ஷட்டரில் இரண்டு திறக்கவில்லை. யாரோ அலுவலக ஜன்னலில் கல் எறிந்தார்கள். ஆனால் டீக்கடையில் ஒரு பேச்சு இருந்தது. கனவில் வரிசை ஓர் அடி நகர்ந்திருக்கிறதாம். தபால்காரர் அதை உறுதி செய்தார். முடிதிருத்துபவரும் மறுக்கவில்லை.

இரு அரசுகளும் அவசரமாக அழைத்த மாநாடு அணையின் மேலேயே, நடு மண்டபத்தில் கூடியது. எல்லை அந்த மண்டபத்து மேசையின் நடுவாகப் போகிறது. மேசையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். பிஸ்கட் தட்டு கோட்டின்மேல் இருந்தது. அவரவர் தங்கள் பாதியிலிருந்து எடுத்துத் தின்றார்கள். இரு நாட்டு நீர்வளச் செயலாளர்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தலைமடை நாட்டின் பம்ப் வைத்திருப்பவர்கள் சார்பில் மதகுக்காரியின் கணவர் வந்திருந்தார். கடைமடை நாட்டின் விவசாயிகள் சார்பில் அவள் தம்பி. மச்சான்கள் இருவரும் கோட்டுக்கு இருபுறமும் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் நலம் விசாரித்தார்கள். கோட்டின் முனையில் மதகுக்காரிக்கு ஒரு நாற்காலி, இரண்டு கால் இங்கே, இரண்டு கால் அங்கே.

தலைமடைச் செயலாளர் அன்பாகத்தான் பேசினார். "அம்மா, பத்துதான்னு எங்களுக்கும் தெரியும். பன்னெண்டுன்னு ஊர்ல சொல்லியாச்சே."

கடைமடைச் செயலாளர் தலையாட்டினார். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது ஒப்பந்தத்துக்குப் பிறகு அதுவே முதல் தடவை. யாரும் ஏழு பங்கை ஆறு என்று சொல்ல முடியாது, ஐந்தை நான்கு என்று சொல்ல முடியாது. முதல் நாள் அப்படியே போயிற்று.

மறுநாள் காலை டீ வந்த நேரத்தில், நிறுத்தி வைத்திருந்த அந்த இரண்டு பங்குத் தண்ணீரின் மேல் ஒரு படகு வந்தது. அதில் வயதான பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். மேலே இருக்கும் எந்த ஊரும் அந்தப் படகு கடந்து போனதைப் பார்க்கவில்லை. காவலாளி அடையாள அட்டை கேட்டார். மூன்றும் ஒழுங்காக இருந்தன, செல்லுபடியாகும் தேதி மட்டும் இன்னும் தொடங்கவில்லை. காலாவதியான அட்டையைத் தடுக்க அவருக்கு உத்தரவு உண்டு. காலம் வராத அட்டையைத் தடுக்க உத்தரவு இல்லை. உள்ளே விட்டார்.

மூவரில் நடுவில் வந்தவள் மதகுக்காரியின் மகள். வயது எழுபத்தொன்று. மதகுக்காரிக்கு அப்போது நாற்பத்து மூன்று. எட்டு வயது மகள் அதே நேரத்தில் மூன்று தெரு தள்ளிப் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். அடையாளம் கேட்கத் தேவையிருக்கவில்லை. வலது செருப்பை முதலில் கழற்றி, இடது செருப்பைக் கழற்றி அதன்மேல் ஏற்றி வைக்கிற பெண் அந்த வீட்டில் ஒருத்திதான். கணவர் எழுந்து தன் நாற்காலியை மகளுக்குக் கொடுத்தார். மற்ற இருவருக்கும் உணவகத்திலிருந்து நாற்காலி வந்தது.

பரிமாறுகிறவர் மூன்று கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்தார். ஒருத்தி டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "இத எல்லாருக்கும் வைப்பீங்களா?" என்று கேட்டாள்.

"கூட்டம்னா வைப்போம்மா."

"யாராவது குடிக்கலன்னா?"

"கீழ ஊத்திடுவோம்."

மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு சின்னப் புட்டியை எடுத்து, சிந்தாமல் அதில் ஊற்றி மூடினார்கள். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தங்கள் டம்ளர்களைக் குடித்து முடித்தார்கள், தாகம் இல்லாதவர்களும்.

நடவடிக்கைகளைக் குறிக்கிற எழுத்தர் பேனாவை எடுத்தார். "நீங்க தலைமடையா, கடைமடையா?"

"உங்க ரெண்டு பேருக்கும் அப்புறம்," என்றாள் மகள்.

எழுத்தர் சற்று யோசித்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். அதற்குள் மதகுக்காரி மகளின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்ட வெட்டிய நரைமுடி.

"முடிய ஏன்டி இப்படி வெட்டிட்ட?"

"அலச தண்ணி வேணுமேம்மா."

"சாப்பிட்டியா?"

"படகுலயே ஆச்சு." மகள் கோட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்க நிலம் அப்படியேதான் இருக்கு. பசங்க சைக்கிள் ஓட்டுறாங்க. அவ்வளவு கெட்டி."

தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. "என்னவிட மூத்தவளா வந்து நின்னுக்கிட்டு மாமாங்கிற," என்றான்.

"வேற எப்படிக் கூப்பிடறது? மாமாதானே."

அவன் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். கோட்டைத் தாண்டி நகர்த்தியதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. தலைமடைச் செயலாளர் வந்த விஷயத்தைக் கேட்டார். மகள் அதை வரும் வழியிலேயே மற்ற இருவரோடும் பேசி வைத்திருந்தாள்.

"எடுத்தது போகட்டும். அதக் கேட்டு வரல. இனிமே அந்த ரெண்ட எடுக்காதீங்க, போதும்."

பிறகு இரு செயலாளர்களின் முகமும் தெளியத் தொடங்கியது. மூன்றாவது கட்டத்துக்கு இரண்டு என்றால், நதி பன்னிரண்டாகவே இருக்கும். ஊரில் சொன்ன எண் மாறாது. எதிரே இருப்பவனுக்கு விட்டுக்கொடுப்பதுதான் அவமானம், வீடு தேடி வந்தவர்களுக்கு எடுத்து வைப்பதில் ஒன்றுமில்லை. அரை மணி நேரத்தில் வாசகம் தயாரானது. மூன்று தரப்பும் கையெழுத்திட்டன. அந்த மூன்று பெண்களின் கையெழுத்துக்கு நேரே தேதி போடும் இடத்தை எழுத்தர் காலியாக விட்டார். அதன்பிறகு எல்லை அணையில் மூன்று தரப்புக் கூட்டங்களே நடந்து வருகின்றன. உணவகத்து நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆனால் அன்று தாளில் கட்டங்கள் இன்னும் நிரம்ப வேண்டியிருந்தன. மூன்றாவதற்கு எண் தெரியும், மற்ற இரண்டுக்குத் தெரியாது. ஏழும் ஐந்தும் இருந்த இடம். இப்போது இரண்டும் சேர்ந்து பத்துக்குள் அடங்க வேண்டும். எந்தச் செயலாளரும் அந்த எண்ணை வாயால் சொல்ல முடியாது. பொது ஊழியர் எழுதினால் அது எந்த நாடும் சொன்னது ஆகாது என்று இருவரும் முடிவு செய்து, எழுதுவதை ஏற்போம் என்று முன்கூட்டியே ஒப்பமிட்டு, தாளை மஞ்சள் கோட்டின் வழியே மதகுக்காரியிடம் தள்ளினார்கள். பிறகு இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள், அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

அவள் முதலில் மூன்றாவது கட்டத்தில் இரண்டு என்று எழுதினாள். மகள் புட்டியின் மூடி இறுகியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். கணவர் மகளுக்குப் பின்னால், நாற்காலி முதுகில் கைவைத்து நின்றார். கிரீஸ் ஏறிய நகங்களில் ஒன்றை மற்றொன்றால் சுரண்டிக்கொண்டிருந்தார். வெளியே அந்த இரண்டு பங்குத் தண்ணீர் மெல்லப் பின்வாங்கத் தொடங்கியிருந்தது, படகு கட்டின கயிற்றை இழுத்தது. மீதி இரண்டு கட்டங்களும் வெள்ளையாக இருந்தன. பேனா அவற்றுக்கு மேலே நின்றது.

தம்பி மஞ்சள் கோட்டின்மேல் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"அக்கா, அவ நம்ம பொண்ணு. குடு, வேணாங்கல. அந்த ரெண்ட யார்கிட்ட இருந்து எடுக்கப் போற?"